தங்கராசு சொன்னது

சிதம்பரம்
3-7-2006

திரு. ஜெயப்பிரகாஷ் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, கேட்கவில்லை.

போன வாரம் நீங்கள் போன் செய்தபோது எடுத்தது அப்பா. "எம் பொண்ணு படிப்ப அழிச்சவன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அவர் கத்தியது சமையலறையில் இருந்த எனக்கும் கேட்டது. நான் தடுக்கவில்லை. தடுக்கிற மாதிரியா நீங்கள் நடந்துகொண்டீர்கள்?

நைட் ஷிப்ட் முடிந்து வந்தீர்கள், தூக்கம் வேண்டும், கீபோர்டு சத்தம் தொந்தரவு. எல்லாம் சரி. "ஒரே ஒரு பக்கம் மாமா, அடிச்சு முடிச்சிடறேன்" என்றுதானே சொன்னேன்? எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டீர்கள். திரை கறுத்துப்போனது. நீங்கள் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

உங்களுக்கு அது டைப் அடிக்கிற சத்தம். எனக்கு மூன்று வருஷம். தேவனாம்பட்டினத்து மீனவர்கள் பேசுகிற சொற்களைத் தேடி ஞாயிறு ஞாயிறாக அலைந்து சேர்த்தது. முதல் மூன்று இயல்கள் ஃப்ளாப்பியில் என்னிடம் இருக்கின்றன. நான்காவதும் ஐந்தாவதும் அந்தக் கம்ப்யூட்டரில் டி டிரைவில் மட்டும்தான். இரண்டும் முக்கால்வாசி தங்கராசு சொன்னது. அவரைத்தான் சுனாமி அலை கொண்டுபோய்விட்டதே, இனி யாரிடம் போய்க் கேட்பேன்? கேசட்டும் கிடையாது. டைப் அடித்ததும் அதை அழித்துவிட்டு அடுத்த ஆளைப் பதிவு செய்தேன், இருந்ததே இரண்டு கேசட்.

ஆய்வேட்டை ஒப்படைக்க 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே தவணை வாங்கியாகிவிட்டது, இனி கிடையாது. 'ஆய்வு' என்ற போல்டரை ஒரு சிடியில் போட்டு அனுப்புங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

சந்திரலேகா


கடலூர்
6-7-2006

லேகாவுக்கு,

திருவாம், அவர்களுக்காம். பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. இரண்டு தடவை உறையைத் திருப்பிப் பார்த்தேன், உன் கையெழுத்துதான்.

உன் அப்பா பேசியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மிதிக்கக் கூடாது என்றார், மிதிக்க மாட்டேன். ஆனால் அழித்தவன் என்கிறாரே, நான் என்ன உன் பேப்பரை அடுப்பிலா போட்டேன்? ஒரு சுவிட்ச். ஆறு நாள் தொடர்ந்து நைட், ஒரு ஆள் லீவு போட்டதில் இரண்டு ஆள் வேலை. தூங்காமல் போய் வால்வு பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? அதை நீ எழுதவே இல்லை. செய்தது சரி என்று சொல்லவில்லை. அதை மட்டும் எழுதினாயே என்றுதான் கேட்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிடி போட முடியவில்லை. நீ போன நாளிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆன் செய்தால் நேராகப் படம் வருவதில்லை. நீலத் திரை வந்து, டிஸ்கைச் சரிபார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லி, பர்சன்ட் பர்சன்ட்டாக எண்ணுகிறது. எண்ணி முடித்தால்தான் உள்ளே விடுகிறது. மறுநாள் ஆன் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறது. தினமும் போட்டுப் பார்க்கிறேன். தானே சர்வீஸ் செய்துகொள்கிறது, நாலு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

உன் போல்டரில் இயல் மூன்று வரை திறக்கிறது. நாலும் அஞ்சும் பெயரே காணோம். நான் எதையும் தொடவில்லை. சாமி சத்தியமாகத் தொடவில்லை.

நீ அங்கே போய் இருப்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டு பட்டம்மாள் அக்கா கேட்டார்கள். ஆடிக்குப் போயிருக்கிறாள் என்றேன். "ஆனியிலயே ஆடிக்குப் போயிட்டாளாக்கும்" என்று சிரிக்கிறார்கள்.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்
10-7-2006

ஜெயப்பிரகாஷ் அவர்களுக்கு,

உங்கள் தூக்கத்தைப் பற்றி நான் எழுதாதது தப்புதான். அதை ஒப்புக்கொள்கிறேன். அதோடு அது முடிந்தது.

பெயரே காணோம் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டரை முறையாக மூடாமல் கரண்ட் போனால், 'நான் பாதியில் நின்றேன்' என்று அது தனக்குள் ஒரு குறி போட்டுக்கொள்ளும். அடுத்த முறை ஆன் செய்ததும் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்கைச் சரிபார்க்கிறது. ஒருமுறை சரிபார்த்தால் குறி போய்விட வேண்டும். உங்களிடம் தினமும் வருகிறது. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, நீங்கள். கோபப்படாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது உங்கள் வழக்கம். கம்பெனியில் பழக்கிவிட்டார்கள், அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். ஷட் டவுன் கொடுத்துவிட்டு, அது மூடி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு மெயினை இறக்குகிறீர்களா? எனக்குத் தெரியும், இறக்குவீர்கள். கல்யாணமான புதிதில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கியவர்தானே நீங்கள்.

இன்னொன்று, டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருக்கலாம். அது முதலாவதாக இருக்கட்டும் என்று தில்லை நடராஜரை வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு முறை இப்படிச் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுங்கள். பெட்டியின் முன்னால் இருக்கிற விளக்கு தானாக அணைகிற வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். நீலத் திரை வரவில்லை என்றால் பிழைத்தோம். வந்தால், காதைப் பெட்டியில் வைத்துக் கேளுங்கள். பல்லி கத்துகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே மூடிவிடுங்கள். அதற்கப்புறம் ஆன் செய்யவே கூடாது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பதும் போகும்.

நேரில் வந்து பார்த்தால் அரை மணி நேர வேலை. பஸ் ஒன்றரை மணி நேரம்தான். வர மாட்டேன். அன்று சாவியைக் கூடத்தில் வீசிவிட்டு வந்தேன், நீங்கள் கூப்பிடாமல் அந்த வீட்டுக்குள் வர மாட்டேன் என்று இருக்கிறேன். நீங்களும் இங்கே வர மாட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

சந்திரலேகா


கடலூர்
13-7-2006

லேகா,

நீ சொன்னபடியே செய்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விளக்கு அணைந்தது. திரும்ப ஆன் செய்தேன். வந்துவிட்டது, அதே நீலத் திரை, அதே எண்ணிக்கை. காதை வைத்தேன். டிக் டிக் என்றது.

மூடிவிடச் சொல்லியிருந்தாய். மூடவில்லை. திட்டு. ஒரே ஒரு தரம் உள்ளே போய் உன் பேப்பர் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று நப்பாசை. டி டிரைவில் புதிதாக ஒரு போல்டர் இருக்கிறது. பெயர் FOUND.000. உள்ளே எல்லாம் நம்பர் போட்ட ஃபைல்கள். ஒன்றைத் திறந்தால் எதில் திறப்பது என்று கேட்டது, நோட்பேடில் திறந்தேன். முதலில் கட்டம் கட்டமாக வந்தது. கீழே போனால் இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஒரு வரியை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன்:

jq;fuhR nrhd;dJ: tiyia kpjpf;ff; $lhJ

பக்கம் பக்கமாக இப்படித்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆரோக்கியராஜைக் கூட்டிவந்து காட்டினேன். "அண்ணே, இது வைரஸ்ணே. டாலர் குறியெல்லாம் போட்ருக்கு பாருங்க. டிஸ்க்ல இருக்கறது பூரா வேஸ்ட்டு. ஃபார்மட் போட்டாதான் மிஷின் பொழைக்கும்" என்றான். திங்கட்கிழமை போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறான். சரி என்றுவிட்டேன்.

அவ்வளவுதான் லேகா. உன் பேப்பரை அந்தக் கம்ப்யூட்டர் தினமும் எண்ணி எண்ணி இப்படிக் கொத்துப் பரோட்டா போட்டுவிட்டது. தினமும் ஆன் செய்து கொடுத்தது நான். சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அதன் முன்னால் உட்கார்ந்து டீ குடித்தேன். உன் அப்பா சொன்னது சரிதான், நான் அழித்தவன்தான். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஜெயப்பிரகாஷ்


கடலூர், நம் வீட்டு வாசல்
16-7-2006, ஞாயிறு

மாமா,

வந்துவிட்டேன். வர மாட்டேன் என்றவள்தான் வந்திருக்கிறேன். வீடு பூட்டியிருக்கிறது. கம்பெனி கேட்டுக்குப் போனேன். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், ஷிப்ட் முடிய ராத்திரி ஆகும், நடுவில் கூப்பிட முடியாது என்றார்கள். சொல்லி அனுப்புகிறேன் என்றார் செக்யூரிட்டி. சொல்வார் என்ற நம்பிக்கை இல்லை. பட்டம்மாள் அக்காவிடம் பேப்பர் வாங்கி எழுதுகிறேன்.

ஃபார்மட் போடக் கூடாது. போடவே கூடாது. அது வைரஸ் இல்லை!

நான் தமிழ் டைப் அடிப்பது பாமினி எழுத்துருவில். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. நான் 'த' அடித்தால் அது உள்ளே 'j' என்றுதான் எழுதி வைத்துக்கொள்ளும். பாமினி எழுத்துரு மேலே இருந்தால் தமிழாகத் தெரியும். நோட்பேடில் அது இல்லை, அதனால் இங்கிலீஷ் கிறுக்கல் மாதிரித் தெரிகிறது. அந்த டாலர் குறி எங்கள் 'கூ'. மூன்று வருஷம் அடித்த விரலுக்கு அதைப் படிக்கக் கண் வேண்டுமா? நேற்று உங்கள் கடிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியை விரலால் அடித்துப் பார்த்தேன்.

தங்கராசு சொன்னது: வலையை மிதிக்கக் கூடாது.

அது என் நாலாவது இயலின் இரண்டாம் பக்கம். உயிரோடு இருக்கிறது மாமா. டிஸ்க் சரிபார்ப்பு, பெயர் தொலைந்துபோன ஃபைல்களை எல்லாம் பொறுக்கி அந்த போல்டரில் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் பார்த்து எழுதவில்லை என்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். டிஸ்கை மட்டும் கழற்றி, நல்லதாக ஓடுகிற வேறு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, முதல் வேலையாக அந்த போல்டரைக் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். அந்த டிஸ்க் எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியாது. சரிபார்க்கட்டுமா என்று கேட்டால் ஏதாவது ஒரு கீயைத் தட்டி வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ராத்திரி வரை இங்கேயே இரு என்கிறார் அக்கா. பூட்டிய வாசலில் நான் நிற்பதைத் தெரு முழுக்கப் பார்த்துவிட்டது. போதும். நாளை காலையில் ஆரோக்கியராஜ் வந்தால் உள்ளே விடாதீர்கள் என்று அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். "எங்கைய ஒடச்சாலும் உட மாட்டேண்டி" என்கிறார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

லேகா


கடலூர்
20-7-2006

லேகாவுக்கு,

ரிஜிஸ்டர் தபாலில் சிடி இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு இதைப் படி.

நீ ஞாயிற்றுக்கிழமை பூட்டு முன்னால் நின்று ஃபார்மட் போடாதே என்று எழுதினாயே, அப்போது கம்ப்யூட்டர் வீட்டிலேயே இல்லை. சனிக்கிழமை சாயங்காலமே ஆரோக்கியராஜ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஷிப்ட் முடிந்து வந்ததும் அக்கா கடிதத்தைக் கையில் திணித்தார்கள். படித்துவிட்டுச் சட்டை மாற்றாமல் சைக்கிளை எடுத்தேன். கடை பூட்டியிருந்தது. வீட்டைத் தேடிப் போய் எழுப்பினேன். கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஆரம்பிச்சுட்டேண்ணே. சி முடிஞ்சுது. டி-ய நாளைக்குக் காலையில போட்டுடறேன்" என்றான். அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நீ எழுதியபடி அவன் கம்ப்யூட்டரிலேயே டிஸ்கை மாட்டினோம். சரிபார்க்கட்டுமா என்று அங்கேயும் கேட்டது. கீயைத் தட்டியது நான்தான். ஒவ்வொரு ஃபைலாக வந்தது. பாமினி எழுத்துருவைப் போட்டுத் திறந்து காட்டினான், கிறுக்கல் எல்லாம் தமிழாக நின்றது. நாலாவது இயல் முழுசாக வந்துவிட்டது. ஐந்தாவதைத் தேடும்போது அந்த டிக் டிக் வேகமாகி, பிறகு நின்றே போய்விட்டது. அதற்கப்புறம் டிஸ்க் எழவே இல்லை. எத்தனையோ தரம் முயன்றோம். ஐந்தாவது போய்விட்டது லேகா. அன்று நான் மெயினை இறக்கியபோது நீ அடித்துக்கொண்டிருந்தது அதுதான், இல்லையா?

சிடி போடுவதற்கு முன்னால் அவன் கடையிலேயே உட்கார்ந்து நாலாவது இயலைப் படித்தேன். மூன்று வருஷத்தில் உன் எழுத்தில் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. வலையைப் பற்றித் தங்கராசு பேசுவது அவர் குரலிலேயே கேட்டது. படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது காற்றைப் பற்றித்தானே? அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைச் சைக்கிளில் கூட்டிப்போனவன் நான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உண்மைதான். ஆனால் காது திறந்துதானே இருந்தது. நினைவுக்கு வந்ததை எழுதுகிறேன், உதவுமா பார்.

"சோழகக் காத்து தெக்கேருந்து வரும். அது சோம்பேறி. காலையில எந்திரிக்காது, மத்தியானத்துக்கு மேலதான் கெளம்பும். கெளம்புச்சுன்னா அடக்க முடியாது."

"வாடை வடக்கேருந்து. வாடையில ஜாஸ்தி பேசக் கூடாது. வாயத் தொறந்தா உப்பு ஏறிக்கும். வாடைக்குப் போறவன் வீட்லயே பேசித் தீத்துட்டு வந்துடணும்."

"கச்சான் கரையிலேருந்து வரும். சாணி வாசனை, அடுப்புப் பொகை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வரும். கண்ணு தெரியாத இருட்டுலயும் அத மோந்து பாத்தா வூடு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும்."

கொண்டல் கிழக்கிலிருந்து, மழையைக் கொண்டுவரும் என்றார். கொண்டல் அடித்தால் நண்டு கரைக்கு ஏறும் என்றாரா, ஆழத்துக்குப் போகும் என்றாரா, அது மட்டும் எனக்கு நிச்சயமில்லை. செத்துப்போன மனுஷன் வாயில் பொய்யைப் போட மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். இன்னும் ஆறு பக்கம் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

ஒன்று கேசட்டில் இல்லாதது. டேப் ரெக்கார்டருக்கு பேட்டரி வாங்க நீ கடைக்குப் போனாய். அப்போது அவர் கேட்டார்: "ஏன் தம்பி, உம் பொஞ்சாதி இத்தன எழுதுதே, யாரு படிக்கப் போறா?" நான் படிப்பேன் என்று சொன்னேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வந்தேன், அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்
23-7-2006

மாமாவுக்கு,

நலமா? சாப்பிடுகிறீர்களா? சைக்கிளில் அலைந்து காய்ச்சல் எதுவும் வரவில்லையே?

நேற்று தபால் வந்தது. உங்கள் கையெழுத்தில் தங்கராசு பேசுவதைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நன்றாக அழுதேன். அம்மா யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோய்விட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்துத் தெரு டைப் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஐந்தாவது இயல் எழுந்துவிட்டது. நான் அடித்திருந்ததில் பாதிதான் இது. ஆனால் அந்த வாடைக்காற்றுப் பேச்சு நான் அடித்ததில் இருந்ததே இல்லை. அதை நான் எப்படி விட்டேன் என்று யோசிக்கிறேன். கேசட் மாற்றுகிற அவசரத்தில் கேட்காமல் விட்டிருக்கிறேன், சும்மா உட்கார்ந்திருந்த நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது, போங்கள்.

இன்று காலை ஆய்வு வழிகாட்டியான பேராசிரியை வீட்டுக்கே போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நினைவிலிருந்து எழுதியது என்று குறிப்புப் போட்டுவிட்டால் தடையில்லை என்றார். நண்டு விஷயத்தில் 'உறுதியில்லை' என்றே போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, "இவர் நல்ல தகவலாளர்மா, யார் இவர்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன்.

ஆய்வேட்டின் கடைசியில் யார் யார் சொன்னார்கள் என்று தகவலாளர் பட்டியல் உண்டு. தங்கராசு பெயருக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறேன்: அவர் சொன்னதைக் கேட்டு நினைவில் வைத்திருந்தவர், ஜெயப்பிரகாஷ், ஆலைத் தொழிலாளி, கடலூர்.

இங்கேதான் ஒரு சிக்கல். உயிரோடு இருக்கிற தகவலாளர் எல்லோரும் தாங்கள் சொன்னது இதுதான் என்று படித்துப் பார்த்து, என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் வாங்கக் கூடாது, இது நான் எல்லோரிடமும் கடைப்பிடித்த முறை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் பைண்டிங் போகிறது. ஆகவே வியாழக்கிழமை காலையிலேயே நீங்கள் இங்கே இருக்க வேண்டும்.

அப்பாவிடம் போய் நின்றேன். "உங்க பொண்ணு படிப்ப அழிச்சவர் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. அஞ்சாவது இயல் முழுக்க அவரு குடுத்தது. இப்ப சொல்லுங்க, மிதிக்கலாமா கூடாதா?" என்று கேட்டேன். பேப்பரைக் கீழே இறக்கவே இல்லை. அதற்குப் பின்னாலிருந்தே, "எந்த பஸ்ல வர்றாராம்?" என்றார். அம்மா அப்போதே வியாழக்கிழமைக்கு நண்டு வாங்கச் சொல்லிவிட்டார்.

ஒரு வேட்டி சட்டை அதிகமாக எடுத்து வாருங்கள். வெள்ளிக்கிழமை ஒப்படைத்துவிட்டுச் சேர்ந்தே ஊருக்குப் போகலாம். கூடத்தில் விழுந்து கிடந்த சாவியையும் கையோடு கொண்டுவாருங்கள்.

கிளம்பும்போது மெயினைத் தாராளமாக இறக்குங்கள். இப்போது அங்கே ஓடிக்கொண்டிருப்பது எதுவும் இல்லை.

உங்கள்
லேகா